எத்தனையில் ஒன்று? மதுரை மாவட்டக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளில் கணிதம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவன் நான். முதலில் உசிலம்பட்டிப் பக்கம், பிறகு மேலூர்ப் பக்கம், கடைசிப் பத்தாண்டு நகருக்குள். அந்த முப்பத்தொன்றில் இருபது ஆண்டுகளாவது நிகழ்தகவுப் பாடத்தைக் கெடுத்திருக்கிறேன். கரும்பலகையில் போட்ட விடைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. பிள்ளைகள் மதிப்பெண்ணும் வாங்கினார்கள். வகுப்பை விட்டு வெளியே போனதும் அதே பிள்ளைகள், "இந்த நம்பர் ரொம்ப நாளாக விழவில்லை, இன்றைக்கு விழுந்தே தீரும்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டு நின்றார்கள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பதினோராம் வகுப்புக்கு 2017-18இல் வந்த பொதுத்தேர்வு, 2025-26 முதல் இல்லை என்றாகிவிட்டது. நல்லதுதான், பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது. ஆனால் நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா? பொதுத்தேர்வு இல்லாத காலத்தில் தீபாவளி முடிந்த கையோடு பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிட்டவர்கள்தாமே நாம். பதினோராம் வகுப்புக் கணிதத்தில் பன்னிரண்டு அத்தியாயங்கள், நிகழ்தகவு பன்னிரண்டாவது. பந்தியில் கடைசி இலைக்கு வரும்போதுதான் பாயசம் தீரும். சென்னையில் பிறந்த எஸ். ஆர். சீனிவாச வரதன் 2007இல் ஆபெல் பரிசு பெற்றது இந்தத் துறைக்காகத்தான் என்று ஆண்டுவிழா மேடையில் பெருமையாகப் பேசுவோம். பாடத்தை மட்டும் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைப்போம்.

என் தவறு சீட்டுக்கட்டில் தொடங்கியது. "52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டிலிருந்து" என்று கணக்கை எழுதிவிட்டுத் திரும்பி, "ஒரு கட்டில் ராணி எத்தனை?" என்று கேட்டேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "ஒன்று, சார்" என்றாள். ராஜாவுக்கு ராணி ஒன்றுதானே என்பது அவள் கணக்கு. நம் புராணங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நியாயமான கணக்கு. கடைசி வரிசையில் இரண்டு பையன்கள் மட்டும் இஸ்பேட், கிளாவர், ஆர்ட்டின், டைமன் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். எங்கே படித்தார்கள் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் வகுப்பே சிரித்தது. சன்னலோரம் இருந்த ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா சீட்டாட்டத்தில் தோட்டத்தை இழந்தவர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைய நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம், சீட்டுக்கட்டு என்றால் என்ன என்று விளக்குவதிலேயே போனது.

அடுத்த ஆண்டு சீட்டை விட்டுவிட்டுத் தாயக்கட்டையை எடுத்துப் போனேன். புதுமண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் அங்கே வாங்கிய பித்தளைக் கட்டைகள். தாயம் தெரியாத வீடு நம் பக்கம் குறைவு. கீழடியில் மண்ணுக்குள்ளிருந்து ஆட்டக்காய்களும் பகடையும் வந்திருக்கின்றன. வைகைக் கரையில் உருட்டுவதும் காய் நகர்த்துவதும் நேற்று வந்த பழக்கமில்லை.

கட்டைக்கு நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டிக் கூட்டினால் விழுந்த எண். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. (வீட்டுக்கு வீடு விதி மாறும். உங்கள் அத்தை வேறு மாதிரி ஆடுவார் என்றால் அந்த வழக்கை வகுப்பிலேயே வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்.)

தாயம் விழும் வாய்ப்பு என்ன என்று கேளுங்கள். பாதி வகுப்பு இப்படித்தான் சொல்லும்: "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு. விழக்கூடியவை ஏழு. ஆகவே ஏழில் ஒன்று." இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பிரெஞ்சுக் கணிதர் தாலம்பேர் 1754இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் இதே குழியில்தான் விழுந்தார். ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்றார். முதலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என மூன்றே வகை என்பது அவர் வாதம். அந்த மூன்று வகைக்கும் சம எடை இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. சரியான விடை நான்கில் மூன்று.

இதற்கு மருந்து ஒரு முழம் சிவப்பு நூல். ஒரு கட்டையின் நடுவில் சுற்றிக் கட்டிவிடுங்கள். இப்போது நூல் கட்டிய கட்டை வேறு, மற்றது வேறு. நூல் கட்டையில் நான்கு, அதில் ஒவ்வொன்றுக்கும் மற்றதில் நான்கு, ஆகப் பதினாறு கட்டங்கள். நூல் கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழலாம், அல்லது நூல் கட்டையில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழலாம். தாயத்துக்கு இரண்டு வழி, அதனால் எட்டில் ஒன்று. மூன்றுக்கு நான்கு வழி இருக்கிறது. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழிதான். ஆறுக்காகக் கெஞ்சிய அத்தனை மாலைகளுக்கும் காரணம் அந்தப் பதினாறு கட்டத்துக்குள் இருக்கிறது.

நான் உங்களிடம் கேட்க வந்த ஒரே விஷயமும் இங்கேதான் இருக்கிறது. பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மேலே என்ன போடுவது என்று பிள்ளைகள் பறக்கிறார்கள். கீழே என்ன என்று யாரும் நிதானிப்பதில்லை. (தொகுதி என்றால் நம் ஊரில் தேர்தல் நேரத்திலும் இதே மவுசுதான்.) ஆண்டு முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்: எத்தனையில்? எதற்குள்? விழக்கூடிய எல்லாம் சேர்ந்த அந்தத் தொகுப்புக்குக் கூறுவெளி என்ற சொல்லைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இனி, நான் மிகவும் கெடுத்த இடம். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள், சாரா நிகழ்ச்சிகள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மூச்சில், கரும்பலகையின் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக எழுதிப்போட்டேன். முன்னதற்குக் கூட்டு, பின்னதற்குப் பெருக்கு, ஞாபகம் வைத்துக்கொள். வைத்துக்கொண்டார்கள். மேலூரில் ஒரு பையன் மட்டும் எழுந்து, "ஒன்றையொன்று விலக்கிவிட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்றுதானே அர்த்தம், சார்? அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?" என்று கேட்டான். "உட்கார்" என்றேன். பதில் தெரியாமல் இல்லை, பாடவேளை முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. அந்த "உட்கார்" இன்னும் உறுத்துகிறது.

அவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியது இது. உன் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளை நினைத்துக்கொள். ஒருவர் வரும் காதுகுத்துக்கு மற்றவர் வரமாட்டார். மூத்தவர் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார் என்று காதில் விழுந்த மறுநிமிடமே இளையவர் வரப்போவதில்லை என்பது உனக்கு உறுதியாகத் தெரிந்துவிடுகிறது. இதையா சம்பந்தமில்லை என்கிறாய்? ஊரிலேயே இவர்களைப் போல் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் யாருமில்லை! அவர்கள் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். சம்பந்தமில்லாதவர்கள் என்றால் ஒருவர் வாடிப்பட்டி, ஒருவர் திருமங்கலம். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டதே இல்லை. இவர் வந்தார் என்ற செய்தி அவர் வருவாரா என்பதைப் பற்றி எதுவுமே சொல்லாது. அவர்கள்தாம் சாரா நிகழ்ச்சிகள். அவர்கள் இருவரும் ஒரே பந்தியில் அருகருகே உட்காரவும் கூடும்.

கட்டைக்கு வருவோம். ஓர் உருட்டில் தாயமும் ஐந்தும் சேர்ந்து விழாது. எனவே இரண்டில் ஏதாவது ஒன்று விழும் வாய்ப்பு எட்டில் ஒன்றும் எட்டில் ஒன்றும் கூட்டி நான்கில் ஒன்று. தாயம் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் ஐந்தின் வாய்ப்பு எட்டில் ஒன்றிலிருந்து பூஜ்ஜியத்துக்குச் சரிகிறது. நடக்கவே முடியாத நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டால், ஒன்றையொன்று விலக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் சாரா நிகழ்ச்சிகளாக இருக்கவே முடியாது. இதைத் தேற்றமாக எழுதிப்போட்டால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். பங்காளிக் கதைக்குப் பிறகு எழுதினால் அவர்களே நிரூபிப்பார்கள்.

சார்பின்மையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்கும் இதே கட்டைகள் போதும். நூல் கட்டையில் ஒன்று விழுந்திருக்கிறது என்று மட்டும் தெரியும். கூட்டுத்தொகை தாயமாக இருக்க, மற்றது வெறுமையாக இருந்தாக வேண்டும்: நான்கில் ஒன்று. எட்டில் ஒன்று நான்கில் ஒன்றாகிவிட்டது, ஆகவே சார்ந்தவை. இப்போது தாயத்துக்குப் பதில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று விழும் வாய்ப்பு முதலிலேயே பதினாறில் நான்கு, அதாவது நான்கில் ஒன்று. நூல் கட்டையில் ஒன்று என்று தெரிந்த பிறகு மற்றதில் இரண்டு விழ வேண்டும். அதுவும் நான்கில் ஒன்றே. மாறவில்லை! நூல் கட்டையில் எது விழுந்தாலும் மூன்றை முடித்துவைக்க மற்றதில் சரியாக ஒரு பக்கம் காத்திருக்கிறது. கூட்டுத்தொகைக்குள்ளேயே நூல் கட்டை இருக்கிறது, இருந்தும் சாராமை. முதல் முறை இதைக் கணக்கிட்டபோது பென்சிலை வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

அடுத்தடுத்த உருட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டைக்கு ஞாபகம் கிடையாது, அவ்வளவுதான். (ஆனால் உருட்டுபவருக்கு உண்டு. என் அத்தை ஒருவர் கட்டையை உருட்டமாட்டார், "வைப்பார்". அவர் ஆடும்போது பெருக்கல் விதி செல்லாது.) நேர்மையாக உருட்டினால் பத்து உருட்டிலும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு, எட்டில் ஏழைப் பத்து முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.26. நால்வர் ஆடும் ஆட்டத்தில் யாராவது ஒருவராவது முதல் பத்து உருட்டுக்குத் தாயம் விழாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு 0.7. பத்து ஆட்டத்தில் ஏழில் ஒருவர் முகம் தொங்கித்தான் இருக்கும். நம் வீடுகளில் அதற்கு "நேரம் சரியில்லை" என்று பெயர்.

ஒரு செய்தி தெரிந்த பிறகு வாய்ப்பு என்ன என்று சொல்லும் நிபந்தனை நிகழ்தகவை, அல்லது சார்புநிலை நிகழ்தகவை (புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறுகிறது), கடைசியில் ஒரு சூத்திரமாகக் கொடுத்துப் பெட்டி கட்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் நடத்துவேன். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பல வீடுகளின் விதி. நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்கள். கூடத்திலிருந்து, "மறுபடி போடு!" என்று சத்தம் கேட்கிறது. விழுந்தது தாயமாக இருக்கும் வாய்ப்பு என்ன? அந்தக் குரல் பதினாறில் பத்துக் கட்டங்களை அடித்துவிட்டது. மிஞ்சியவை ஆறு, அதில் தாயம் இரண்டு. மூன்றில் ஒன்று. கட்டைகள் எப்போதோ விழுந்து கிடக்கின்றன, கூடத்தில் எதுவும் மாறவில்லை. அடுப்படியில் நிற்பவரின் பகுதி மட்டும் பதினாறிலிருந்து ஆறாகச் சுருங்கியிருக்கிறது. சூத்திரத்தில் கீழே உட்கார்ந்திருப்பது அந்தச் சத்தம்தான்.

செய்தியைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று. "நூல் கட்டையில் ஒன்று விழுந்திருக்கிறது" என்றால் தாயத்துக்கு நான்கில் ஒன்று என்று பார்த்தோம். "ஏதோ ஒரு கட்டையிலாவது ஒன்று விழுந்திருக்கிறது" என்றால்? நான்கும் நான்கும் எட்டு. இரண்டிலும் ஒன்று விழுவதை இருமுறை எண்ணியதால் ஒன்றைக் கழித்து ஏழு. அந்த ஏழில் தாயம் இரண்டு. ஏழில் இரண்டு என்பது நான்கில் ஒன்றைவிடச் சற்றுக் கூடுதல். காதுக்கு ஒரே செய்தி மாதிரி இருக்கிறது, பகுதி வேறு. இந்த இடத்தில் வகுப்பில் சண்டை வரும். வரட்டும், மணி அடித்த பிறகும் நடக்கட்டும்.

இது தாயத்தோடு நிற்கிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவ முகாமில் எனக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு "இருக்கிறது" என்று வந்தது. "இந்தச் சோதனை தப்பாது" என்றார் அங்கிருந்த இளைஞர். மூன்று இரவு தூக்கமில்லை. கணிதம் படித்தவன், படிப்பித்தவன். மூன்று இரவும் பகுதியைக் கேட்கத் தோன்றவில்லை. நான்காம் நாள் மாட்டுத்தாவணி போகும் பஸ்ஸில், கையிலிருந்த உறையின் பின்புறம் உத்தேசமாக எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேர் முகாமுக்கு வருகிறார்கள், அதில் ஐந்து பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். சோதனை அந்த ஐவரையும் பிடித்துவிடும். அந்த வகையில் தப்பாதுதான். ஆனால் நோயில்லாத 995 பேரில் நூற்றுக்கு நான்கு பேரைத் தவறாகக் காட்டினால் அதுவே நாற்பது பேர். "இருக்கிறது" என்ற சீட்டோடு வெளியே வருபவர்கள் 45 பேர். உண்மையில் நோயாளிகள் ஐந்து. ஒன்பதில் ஒன்று!

நோய் இருந்தால் சோதனை காட்டும் என்பதும் சோதனை காட்டினால் நோய் இருக்கும் என்பதும் ஒரே வாக்கியம் மாதிரிதான் ஒலிக்கின்றன. "ஆல்" விகுதி இடம் மாறினால் பகுதி மாறிவிடுகிறது: ஒன்றில் ஐந்து, மற்றதில் நாற்பத்தைந்து. மறுசோதனையில் எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒன்பதில் ஒருவனாக நான் இருந்திருக்கவும் கூடும். மறுசோதனை வரை தூங்கியிருக்கலாம், அவ்வளவே. இப்படி ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிடும் வழிக்குப் பேயீஸ் தேற்றம் என்று பெயர். அதை எழுதினால் கடைசி வரிசையில் "பேய்" என்று ஒரு குரல் வரும். பேயீஸ் என்ற அந்தப் பாதிரியாரின் கட்டுரை அவர் இறந்த பிறகுதான், 1763இல், வெளிவந்தது என்று சொல்லிவையுங்கள். பேய்க்கதை வலுக்கும், தேற்றமும் மறக்காது.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண்ணுக்கு நேர்ந்ததை வகுப்பில் சொல்ல எனக்குத் துணிவு வந்ததில்லை. உங்களுக்கு வந்தால் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லுங்கள். அவருடைய இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. கொலை என்று வழக்கு. அவர்களைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறக்கும் வாய்ப்பு 8543இல் ஒன்று. இரண்டு குழந்தைகள் என்றால் அதை அதாலேயே பெருக்க வேண்டும், ஆக ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று என்று மருத்துவ நிபுணர் ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 1999இல் ஆயுள் தண்டனை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பெற்றோர், ஒரே வீடு, ஒரே ரத்தம். வாடிப்பட்டிக்காரரும் திருமங்கலத்துக்காரரும் போல அவர்களைப் பெருக்கிவிட்டார்கள். அதைவிடப் பெரிய பிழை பகுதியில் இருந்தது. கேட்டிருக்க வேண்டியது எல்லாக் குடும்பங்களுக்குள்ளும் எத்தனை என்பதல்ல. இரண்டு குழந்தைகள் இறந்துபோன குடும்பங்களுக்குள் எத்தனையில் கொலை, எத்தனையில் நோய் என்பது. தாயே இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் அபூர்வத்திலும் அபூர்வம்தானே! ராயல் புள்ளியியல் சங்கம் 2001இல் வெளிப்படையாகக் கண்டித்து அறிக்கை விட்டது. மேல்முறையீட்டில் வேறு மருத்துவச் சான்றுகளும் வெளிவந்து 2003இல் விடுதலையானார். 2007இல் இறந்துபோனார். நாம் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக எழுதிப்போடுகிற அந்த இரண்டு விதிகளுக்கு நடுவில் ஒரு பெண்ணின் மூன்றாண்டுகள் கிடக்கின்றன.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். பித்தளைக் கட்டை கிடைக்காத வீடுகளில் ஆறு சோழி வைத்துத் தாயம் ஆடுவார்கள். ஒன்று மட்டும் வாய் மேலே பார்த்து விழுந்தால் தாயம். அதைக் கணக்கிடும்போது பிள்ளைகள் உடனே, ஒவ்வொரு சோழிக்கும் பாதிக்குப் பாதி என்று வைத்து, அறுபத்து நான்கில் ஆறு என்பார்கள். சோழியைக் கையில் வைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் முதுகு, ஒரு பக்கம் தட்டை. அது நாணயம் இல்லை. பாதிக்குப் பாதி விழ வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்து எண்ணினால்தான் தெரியும். என் பேத்தியும் நானும் ஒரு கோடை விடுமுறை முழுக்க எண்ணினோம். என்ன வந்தது என்று சொல்லமாட்டேன். சோழிக்குச் சோழி மாறும்.

உங்கள் வகுப்பில் ஆளுக்கொரு சோழி கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். வந்ததை எனக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால் மகிழ்வேன். வாய் மேலே பார்த்து எத்தனை முறை விழுந்தது என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். எத்தனை வீச்சில் என்பதையும் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியன் ஒருவன்,
திருப்பரங்குன்றம்